ஞாயிற்றுக்கிழமையின் சமூக வரலாறு: வடஇலங்கைக் கத்தோலிக்கப் பங்கின் வார ஒழுங்கும் பணிகளும்

இலங்கைத் தமிழர் மத்தியிற் கிறித்துவம் பற்றி எழுந்த ஆய்வுகள் பெரும்பாலும் இரு நெறிப்பட்டன. குருமாரின் வருகை, ஆலயங்களின் தோற்றம், ஆயர்களின் நிருவாகம் ஆகியவற்றைக் கால வரன்முறைப்படி கூறும் திருச்சபை வரலாறு ஒன்று. கிறித்துவத்தைக் குடியேற்றவாதத்தின் கருத்துநிலைக் கருவியாக மட்டும் நோக்கும் விமரிசனம் மற்றையது. முற்போக்கு அணியைச் சார்ந்தோர் பலர் இரண்டாவது நெறியையே பின்பற்றினர். இவ்விரு நெறிகளும் தம்முள் முரண்பட்டவையெனினும் ஓர் அம்சத்தில் ஒன்றுபடுகின்றன. இரண்டிலுமே வலை இழுப்பவரும் மீன் விற்பவரும் கூலிக்கு உழுபவருமாகிய சாதாரண விசுவாசிகள் பிறராற் செயற்படுத்தப்படும் பொருளாகவே தோன்றுகின்றனர். முன்னதில் அவர்கள் மேய்க்கப்படுபவர்கள், பின்னதில் ஏமாற்றப்படுபவர்கள்.

இந்நிலைமையிலிருந்து விடுபட்டு, பங்கு எனும் அலகினை அதன் அன்றாட இயக்கத்தில் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கோயில் மணியை அடிப்பவர் யார்? செபத்தைத் தொடக்கி வைப்பவர் யார்? பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிப்பவர் யார்? உண்டியற் பணத்துக்கும் கோயிற் சாவிக்கும் பொறுப்பானவர் யார்? இவ்வினாக்கள் சிறியனவாகத் தோன்றலாம். எனினும் ஒரு சமூகம் தன் உழைப்பையும் நேரத்தையும் அதிகாரத்தையும் எவ்வாறு பகிர்ந்துகொள்கின்றது என்பதை இவற்றின் விடைகளே காட்டுகின்றன.

வாரமும் உழைப்பும்

வடபுலத்துக் கரையோரக் கத்தோலிக்கக் கிராமமொன்றின் வார ஒழுங்கினை முதலில் நோக்குவோம். குருநகர், பாசையூர், நாவாந்துறை போன்ற யாழ்ப்பாணக் கரையூர்களிலும் மன்னார்க் கரையிலும் காலை, நண்பகல், மாலை ஆகிய மூவேளையும் ஒலிக்கும் திரிகால மணி நாளினைப் பகுத்துக் கொடுத்தது. மாலையில் வீடுகளிற் செபமாலை ஓதப்பட்டது. செவ்வாய் அந்தோனியாருக்கு உரியது. சனி மாதாவுக்கு உரியது. வெள்ளியன்று இறைச்சி விலக்கப்பட்டது. தவக்காலத்து வெள்ளிகளிற் சிலுவைப்பாதை நிகழ்ந்தது. ஞாயிறு பூசைக்கும், அதன்பின் ஞானோபதேச வகுப்புக்கும், சபைகளின் கூட்டங்களுக்கும் உரியதாயிற்று. 1833 இற் பாரிசில் தோன்றிய வின்சென்ட் டி போல் சபையும் 1921 இல் டப்ளினில் தோன்றிய மரியாயின் சேனையும் காலப்போக்கில் இவ்வொழுங்கினுள் இடம்பெற்றன. முன்னது ஏழைக் குடும்பங்களைச் சந்தித்து உதவுவதையும், பின்னது வாராந்தக் கூட்டத்தையும் வீடு தரிசித்தலையும் தம் கடமைகளாகக் கொண்டன.

இவ்வொழுங்கில் மையமாக அமைவது ஞாயிறு ஓய்வாகும். சனி இரவு கடலுக்குச் செல்லாதிருத்தல் கத்தோலிக்கக் கரையூர்கள் பலவற்றில் ஊர்க்கட்டுப்பாடாகவே பேணப்பட்டு வந்துள்ளது. அன்றாட வருவாயில் வாழும் மக்கள் வாரத்தில் ஒரு நாளைய பிடிப்பை விட்டுக்கொடுப்பது எளிதானதன்று. எனினும் வள்ளமும் வலையும் வைத்திருக்கும் சம்மாட்டிக்கு ஞாயிறு ஒரு நாள் இலாப இழப்பு. வலை இழுக்கும் தொழிலாளிக்கோ எல்லையற்ற உழைப்பிலிருந்து கிடைக்கும் ஒரேயொரு பாதுகாப்பு. தொழிற்சட்டம் எட்டாத ஒரு தொழிலில், உழைப்பு நேரத்துக்கு வரம்பிட்ட ஒரே பொது நியதி சமய நியதியாகவே இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

‘மூலதனம்’ முதலாந் தொகுதியில் வேலைநாள் பற்றிய இயலிலே மார்க்ஸ் இங்கிலாந்தின் ஞாயிறு ஆசரிப்பின் இரட்டைத் தன்மையைச் சுட்டுவார். தன் வீட்டுத் தோட்டத்தில் ஞாயிறு வேலைசெய்த தொழிலாளி தண்டிக்கப்பட்டான். சமயக் காரணத்துக்காக ஞாயிறு ஆலைக்குச் செல்லாதவனும் ஒப்பந்தத்தை மீறியவனாகத் தண்டிக்கப்பட்டான். ஓய்வுநாளின் பொருளை அந்நாள் எவர் கையில் உள்ளது என்பதே தீர்மானிக்கின்றது என்பதனை இவ்வுதாரணம் தெளிவுபடுத்தும். வடபுலத்துப் பங்கின் வரலாற்றை நோக்குதற்கும் இதுவே தக்க திறவுகோலாகும்.

குருவில்லாக் கோயில்

மன்னாரிற் கத்தோலிக்கம் பரவிய காலத்தையும், 1544 இல் யாழ்ப்பாண மன்னன் அங்கு புதிதாக மதம் மாறியோரைக் கொல்வித்தமையையும் பலரும் அறிவர். 1560 இல் மன்னாரும் 1619 இல் யாழ்ப்பாண இராச்சியமும் போர்த்துக்கேயர் வசமாயின. கோயிற்பற்று எனும் பங்குப் பிரிவு நிருவாக அலகாகவும் அமைந்தது. எனினும் பங்கின் உள்வாழ்வைப் பொறுத்தவரை திருப்புமுனையாக அமைந்த ஆண்டு 1658 ஆகும். அவ்வாண்டில் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என அறிவிக்கப்பட்டது. கோயில்கள் சீர்திருத்தத் திருச்சபையின் ஆலயங்களாகவும் பாடசாலைகளாகவும் மாற்றப்பட்டன. யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய பால்தேயு பாதிரியார் 1672 இல் வெளியிட்ட நூல் இம்மாற்றத்தை விரிவாகக் காட்டுகின்றது.

ஒல்லாந்த ஆட்சியிற் பாடசாலை ஆசிரியர் சமயப் பணியாளராக மட்டுமன்றிப் பதிவாளராகவும் விளங்கினார். ஞானஸ்நானமும் திருமணமும் பாடசாலைத் தோம்பிற் பதியப்பட்டன. அப்பதிவு இன்றிச் சொத்துரிமையையோ அரச பதவியையோ நிலைநாட்டுதல் அரிதாயிற்று. ஆகவே மக்கள் ஒரு முகத்தை அரசுக்கும் மறுமுகத்தைத் தம் வீட்டுக்கும் வைத்துக்கொண்டனர். பதிவின் பொருட்டு ஒல்லாந்தர் கோயிலுக்குச் சென்றோர் இரவிலே தம் வீட்டில் மாதா முன் செபித்தனர். இதனைக் கபடம் எனக் கொள்வது பொருந்தாது. சொத்துறவையும் சமய உணர்வையும் ஒரே பதிவேட்டினுட் பிணைத்த அரசுக்கு ஆளப்பட்டோர் கொடுத்த பதிலே அது எனலாம்.

1687 இற் கோவாவைச் சேர்ந்த ஒரட்டோரியன் சபைக் குருவானவர் யோசப் வாஸ் அடிகள் ஏழைக் கூலியாள் வேடத்தில் இலங்கைக்கு வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்துச் சில்லாலை அவருக்குப் புகலிடமாயிற்று. 1689 ஆம் ஆண்டின் நத்தார் இரவில் ஒல்லாந்தர் கத்தோலிக்கர் கூடியிருந்த இடங்களிற் புகுந்து பலரைச் சிறைப்பிடித்தனர். அடிகள் பின்னர் கண்டி இராச்சியத்தைத் தளமாகக் கொண்டு பணியாற்றி 1711 இற் காலமானார். 2015 இற் கொழும்பிற் புனிதராகப் பிரகடனம் செய்யப்பட்டார். அவருடைய துறவும் துணிவும் பலராலும் எழுதப்பட்டவை. இங்கு நாம் நோக்கவேண்டியது அவர் கையாண்ட அமைப்பு முறையினையே.

கைவிரல் விட்டு எண்ணத்தக்க குருமார் தீவு முழுவதையும் கவனிக்கவேண்டியிருந்தது. ஓர் ஊருக்கு ஆண்டில் ஓரிரு தடவை குருவானவர் வருவதே அரிது. எஞ்சிய வாரங்களைத் தாங்கியோர் ஊரவர்களே. ஒரட்டோரியன் குருமார் ஊர்தோறும் இப்பொறுப்புக்களை முறைப்படுத்தினர். கோயிலின் பொருளையும் பொதுக் காரியங்களையும் மூப்பர் கவனித்தார். அண்ணாவியார் செபங்களை முன்னின்று சொல்லி, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பித்து, நோயாளரைத் தேற்றி, ஆபத்து வேளையில் ஞானஸ்நானமும் வழங்கினார். மணியடித்தலும் பீடத்தைப் பேணலும் சங்கிலித்தாம் எனப்பட்டவரின் பணியாயிற்று. இவற்றுட் கடைசிப் பெயர் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தது. முன்னைய இரண்டும் தமிழ்ச் சமூக அமைப்பிலிருந்து எடுக்கப்பட்டவை. குருத்துவம் தடைசெய்யப்பட்ட காலத்திலே பங்கு அழியாது நின்றமைக்கு இப்பணிகளே அடிப்படையாகும்.

அண்ணாவியும் நூலும்

‘அண்ணாவி’ எனும் சொல் தனித்து ஆராயத்தக்கது. தமிழில் அது ஆசிரியரைக் குறிக்கும். ஈழத்துக் கூத்து மரபிலே கூத்தினைப் பழக்குபவரைக் குறிக்கும். இச்சொல்லே செபத்தை முன்னின்று நடத்துபவருக்கும் வழங்கியமை தற்செயலானதன்று. ஏட்டில் உள்ளதை எழுத்தறியாதோர் நாவில் ஏற்றுபவர் என்பதே இம்மூன்று பொருளுக்கும் பொதுவான கருத்தாகும்.

இத்தகைய ஒருவருக்கு நூல் வேண்டும். அத்தேவையை நிறைவுசெய்தவர் 1705 இல் இலங்கைக்கு வந்து 1742 இற் காலமான யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். தமிழிலும் சிங்களத்திலும் அவர் இயற்றிய நூல்கள் பல. அவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்திற் கோயில்களில் இராகத்தோடு வாசிக்கப்பட்டு வந்துள்ளது. நமது இலக்கிய வரலாற்று நூல்கள் இவற்றை உரைநடை வளர்ச்சியின் ஆரம்ப கட்டத்துக்குச் சான்றாகக் காட்டுவதோடு அமைதி கொள்கின்றன. இவ்வுரைநடை யாருக்காக, எச்சூழ்நிலையில் வாசிக்கப்படுவதற்காக எழுந்தது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. குருவானவர் இல்லாத கோயிலிலே, ஊரவர் ஒருவர் உரத்து வாசிக்க, ஏனையோர் கேட்டு அழுதற்கென எழுந்த உரைநடை அது. நீண்ட அடுக்குகளும் விளிகளும் திரும்பத் திரும்ப வரும் சொற்றொடர்களும் அதன் பயன்பாட்டிலிருந்தே பிறந்தவை. வடிவத்தைத் தீர்மானிப்பதிற் சமூகத் தேவைக்கு உள்ள பங்கினை விளக்குதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் ஈழத்து உரைநடையிற் கிடைப்பது அரிது.

இதே மரபின் நீட்சியாகவே கத்தோலிக்கக் கூத்துக்களும் அமைகின்றன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மன்னார்ப் பகுதி நாடகங்களான ‘என்றீக்கு எம்பரதோர் நாடகம்’, ‘மூவிராசாக்கள் நாடகம்’ ஆகியவற்றைப் பதிப்பித்தபோது, அவற்றின் கலை மதிப்பு கற்றோர் கவனத்துக்கு வந்தது. வார நாட்களிற் செபம் சொல்லும் நாவும், திருவிழாக் காலத்தில் விருத்தம் பாடும் நாவும் ஒரே சமூகத்தின் நாவே.

எனினும் இப்பணிகளை மக்களாட்சியின் வடிவமாகப் போற்றுவது தவறாகும். மூப்பர் பதவி பொதுவாக ஊரின் செல்வாக்குள்ள குடும்பங்களிடமே இருந்தது. பல இடங்களில் வலையும் வள்ளமும் யாரிடமிருந்தனவோ அவர்களிடமே கோயிற் சாவியும் இருந்தது. சாதியமைப்பும் கோயில் வாசலோடு நின்றுவிடவில்லை. இருக்கைகள் பிரிந்தன, சாதிக்கொரு கோயில் எனும் நிலையும் சில இடங்களிற் காணப்பட்டது. ஒடுக்கப்பட்ட சாதியினர் மூப்பராகவோ அண்ணாவியாராகவோ வருதற்கு வழியிருக்கவில்லை. பெண்களின் நிலையும் நோக்கத்தக்கது. வீட்டுச் செபத்தை நடத்தியவர்களும், குழந்தைக்கு முதற் செபத்தைச் சொல்லிக் கொடுத்தவர்களும், பிரசவத்திலே சாகும் சிசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த மருத்துவிச்சியரும் பெண்களே. ஆயினும் அவர்கள் செய்தவற்றுக்குப் பதவிப் பெயர் இருக்கவில்லை. தமிழிலே ‘பங்கு’ என்பது திருச்சபைப் பிரிவையும் குறிக்கும். கரைவலைப் பிடிப்பிலே தொழிலாளிக்குக் கிடைக்கும் பாகத்தையும் குறிக்கும். இரண்டிலும் பங்கீடு சமமாக இருக்கவில்லை என்பதே வரலாறு.

குருமாரின் மீள்வருகை

1806 இல் ஆங்கில ஆட்சி கத்தோலிக்கர் மீதான தடைகளை நீக்கியது. 1847 இல் யாழ்ப்பாணம் தனி அப்போஸ்தலிக்க விகாரியத்தாயிற்று. அவ்வாண்டிலேயே அமலமரித் தியாகிகள் சபையினர் இலங்கை வந்தனர். 1862 இல் திருக்குடும்பக் கன்னியர் யாழ்ப்பாணம் வந்தனர். 1876 இல் ‘சத்தியவேத பாதுகாவலன்’ பத்திரிகை தொடங்கியது. 1886 இல் யாழ்ப்பாணம் மறைமாவட்டமாயிற்று. பாடசாலை, அச்சுக்கூடம், அநாதை இல்லம் ஆகியன நிறுவன வளர்ச்சியின் அடையாளங்களாயின.

இவ்வளர்ச்சியின் மறுபக்கம் அதிகார மாற்றமாகும். ஒன்றரை நூற்றாண்டுக் காலம் தாமே கோயிலைக் காத்த ஊரவரிடமிருந்து அதன் சொத்தும் கணக்கும் குருவானவரிடமும் ஆயரிடமும் சென்றன. கோவாக் குருமாருக்கும் ஐரோப்பியக் குருமாருக்கும் இடையில் எழுந்த பூசலைப் போர்த்துக்கல்லுக்கும் உரோமைக்கும் இடையிலான நியாயாதிக்கத் தகராறாக மட்டும் கூறுவது வழக்கம். உரோமைக்கும் போர்த்துக்கல்லுக்கும் இடையில் 1886 இல் ஏற்பட்ட உடன்படிக்கையின் பின்னரும் மன்னார்ப் பகுதியிற் பறப்பாங்கண்டல் போன்ற இடங்களிற் சில சபைகள் பணிய மறுத்துத் தனித்து நின்றன. தாம் கட்டிய கோயிலுக்குத் தாமே உரியவர் எனும் ஊரவர் உணர்வைக் கணக்கிலெடாது இதனை விளங்கிக்கொள்ள முடியாது.

ஐரோப்பியக் குருமார் மூப்பரின் பிடியைத் தளர்த்தியமையால் எளியோர் சிலருக்கு நன்மை விளைந்தது என்பதையும் மறுத்தற்கில்லை. பாடசாலைக் கல்வி கடற்றொழிலாளர் பிள்ளைகளுக்கும் எட்டியது. ஆயின் அண்ணாவியார் சம்பளம் பெறும் உபதேசியாராகவும் பாடசாலை ஆசிரியராகவும் மாறினார். முன்னர் ஊருக்குப் பொறுப்பாயிருந்தவர் இப்போது முகாமையாளரான குருவானவருக்குப் பொறுப்பானார்.

மூன்று மாற்றங்கள்

1960களில் இவ்வமைப்பினை மூன்று மாற்றங்கள் பாதித்தன. முதலாவது, 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களின்கீழ் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றமை. இலவசக் கல்வியின் தர்க்கரீதியான வளர்ச்சியென இடதுசாரிகள் இதனை ஆதரித்தனர். கத்தோலிக்கத் தரப்பு கடுமையாக எதிர்த்தது. பங்கின் வாரத்தைப் பொறுத்தவரை இதன் விளைவு தெளிவானது: உதவிபெறும் பாடசாலையோடு பிணைந்திருந்த ஞானோபதேசப் பணியின் பெரும்பகுதி ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்கும், சம்பளம் பெறாத தொண்டர்களுக்கும் மாறியது. அவர்களிற் பெரும்பாலோர் இளம் பெண்கள்.

இரண்டாவது, ஞாயிறே பறிபோனமை. 1966 தொடக்கம் 1971 வரை இலங்கையில் ஞாயிற்றுக்குப் பதிலாகப் போயா தினங்களே வாராந்த விடுமுறையாயின. சந்திரனின் கலைகளைப் பின்பற்றியமையால் வேலைநாட்களின் எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் வேறுபட்டது. அரச ஊழியரும் மாணவரும் ஞாயிறு காலை பூசை கண்டு பணிக்குச் செல்லவேண்டியவராயினர். பெரும்பான்மைச் சமயத்தின் நாட்காட்டி அரசின் நாட்காட்டியாகியதன் பொருளைச் சிறுபான்மையோர் வாரந்தோறும் உணர்ந்த காலம் அது. ஆயின் ஈராண்டு, மூவாண்டு என ஆட்சி கணக்கிட்ட அக்காலத்திலும் கரையூர்களின் ஞாயிறு பெரிதும் மாறவில்லை. சம்பளப் பதிவேட்டுக்கு அப்பால் நின்ற அந்த ஓய்வு அரசு தந்ததுமன்று, அரசு எடுக்கக்கூடியதுமன்று. இறுதியில் அம்முறையைக் கைவிடச் செய்ததும் சமயச் சார்பின்மைக் கொள்கையன்று. ஏனைய நாடுகளுடனான வணிகத்துக்கு ஏற்பட்ட இடையூறே பெரிதும் காரணமாயிற்று.

மூன்றாவது, 1962 தொடக்கம் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம். இலத்தீன் அகன்று தமிழ் பீடமேறியது. வாசகர், பாடகர் குழாம், பங்குச் சபை என விசுவாசிகளுக்குரிய பணிகள் பேசப்பட்டன. 1972 இல் வாசகர், பீடப் பணியாளர் ஆகியன பொதுநிலையினருக்குரிய பணிகளாக வரையறுக்கப்பட்டன; ஆயின் ஆண்களுக்கு மட்டுமே. 2021 இலேயே அவை பெண்களுக்கும் திறந்துவிடப்பட்டன. அவ்வாண்டு மே மாதத்தில் உபதேசியார் பணியும் திருச்சபையின் முறையான பணியாக நிறுவப்பட்டது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அண்ணாவியார் மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னர் செய்த பணிக்கு உரோமை அப்போதுதான் பெயர் சூட்டியது. மேலிருந்து அருளப்பட்டதாகக் கூறப்படும் பலவும் கீழே வாழ்ந்து காட்டப்பட்டவையே என்பதற்கு இதனிலும் சான்று வேண்டுவதில்லை.

போரும் கடலும்

போர்க்காலம் பங்கின் உறுதியையும் நொய்மையையும் ஒருங்கே காட்டியது. 1990 இல் மயிலிட்டி உள்ளிட்ட வலிகாமம் வடக்குக் கரையூர்கள் இராணுவ வலயத்துள் அடங்கின. மயிலிட்டித் துறைமுகம் 2017 இலேயே விடுவிக்கப்பட்டது. 1995 ஜூலை 9 ஆம் நாள் நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோர் மீது குண்டு வீசப்பட்டு நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 2008 ஏப்ரலில் மடு மாதாவின் திருச்சொரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தது. கோயிற் கட்டிடமும் ஊரும் இல்லாத இடத்திலே செபத்தைத் தொடக்கி வைக்கவும், இறந்தோரின் பெயர்களை நினைவிற் கொள்ளவும் ஊரவரே முன்வரவேண்டியதாயிற்று. 1658 இன் அனுபவம் வேறொரு வடிவில் மீண்டும் நேர்ந்தது.

2009 இற் போர் முடிந்தபின் மீண்டும் கடலுக்குச் சென்ற தொழிலாளர் புதியதொரு வார ஒழுங்கினைக் கண்டனர். தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய நாட்களில் வடகடலிற் புகுந்தமையால், வலையை இழக்க அஞ்சி அவ்விரவுகளிற் சிறுதொழிலாளர் கரையிலிருக்க நேர்ந்தது. அடிமட்ட இழுவை முறையை இலங்கை 2017 இற் சட்டத்தாற் தடைசெய்தது. சனி இரவு மாதாவுக்கும் ஞாயிற்றுக்கும் என விடப்பட்டது ஒரு காலம். இழுவைப் படகுக்கு அஞ்சி விடப்பட்டது மற்றொரு காலம். முன்னையது ஊர் தனக்குத்தானே விதித்த ஓய்வு. பின்னையது மூலதனம் விதித்த வேலையின்மை. கரையில் நிற்கும் வள்ளம் இரண்டிலும் ஒன்றே. அதன் பொருள் ஒன்றன்று.

இவ்விடத்தில் முற்போக்காளருக்கு ஒரு கடமை உண்டு. பல கரையூர்களிலே கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினரும் பங்கின் விசுவாசிகளும் ஒரே மக்களே. கூடிச் சிந்திக்கவும், கணக்குப் பார்க்கவும், ஒருவருக்காக ஒருவர் நிற்கவும் அவர்கள் கற்ற முதற் பாடசாலை பங்கின் வாரமேயாகும். அங்கு சாதிக் கொடுமையும் ஆணாதிக்கமும் சம்மாட்டியின் செல்வாக்கும் இருந்தன. அவற்றை எதிர்த்தல் இன்றியமையாதது. ஆயின் குருவானவரில்லாமலும் அரசு இல்லாமலும் ஒரு சமூகம் தன் வாரத்தைத் தானே நடத்திய அனுபவமும் அங்கேயே இருந்தது. மதத்தை மக்களின் அறியாமை எனக் கூறி அப்பாற் செல்வோர் இவ்வனுபவத்தையும் சேர்த்தே இழந்துவிடுகின்றனர். கோயில் மணியை அடித்த கை எவருடையது என்று கேட்காத வரலாறு, அக்கையே வலையையும் இழுத்தது என்பதைக் கூற வல்லதன்று.